ஒரு பொய்க்கு ஒன்பது மெய்: நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு அறிபுனை எழுதுவது

அறிபுனையோ (அறிவியல் புனைகதை) மிகுபுனைவோ (ஃபேன்டசி), எழுத உட்காரும் புதியவர் முதலில் செய்கிற காரியம் ஊரைக் காலி செய்வது. பாளையங்கோட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க்கில் விண்கலத்தை இறக்குவார். நாயகன் பெயர் ஆர்யன், எதிரி பெயர் ஸார்க். இரண்டாம் பக்கத்தில் கதை படுத்துவிடும். நியூயார்க்கின் ஒரு தெருவில் காலை ஆறு மணிக்கு என்ன சத்தம் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது; வாசகருக்கும் தெரியாதே என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் கெடுக்கிறது. நடக்கவே முடியாத ஒன்றை நம்ப வைக்க வேண்டுமானால் அதைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம் கையால் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு பொய்க்கு ஒன்பது மெய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்பதுக்காக அலைய வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே (1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்துபோயின, கதைக்கு அந்த எல்லைக்கல் கிடையாது) ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கிறது, அணு உலை ஓடும் கூடங்குளம் இருக்கிறது, ஏவுதளம் எழும்பும் குலசேகரன்பட்டினம் இருக்கிறது, தாழி தாழியாக முன்னோர் கிடக்கும் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. இந்த நான்கும் ஒரே நாள் பைக் பயணத்துக்குள் அடங்குகிற இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

பொய்யை முதலில் ஒரு வரியில்

கதை எழுதும் முன் அதன் பொய்யை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். “தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலும் மதகைத் திறந்து மூடும் வேலையை ஒரு கணினி பார்க்கிறது.” அவ்வளவுதான். ஒரு வரியில் அடங்காவிட்டால் உள்ளே இரண்டு மூன்று பொய்கள் இருக்கின்றன என்று பொருள். வேற்றுக்கிரகவாசி, காலப்பயணம், மனதைப் படிக்கும் கருவி மூன்றும் ஒரே சிறுகதையில் வருவது புதியவர்களிடம் சாதாரணம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வேறு கதைகளுக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்து அந்த வரியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்? மூன்றாவதைக் கேலி என்று தள்ளாதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத எதிர்காலம் சினிமா செட் மாதிரி, பின்னால் போனால் மூங்கில் தெரியும்.

முதலில் தோன்றும் கதையை எழுத வேண்டாம். மேலே சொன்ன வரிக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கணினிக்குக் கிறுக்குப் பிடித்து ஊரை மூழ்கடிப்பதுதான். இரண்டாவது, மூன்றாவது வரை போங்கள். கணினி சொல்வது சரியாகவே இருந்தால்? அணையில் இருக்கும் தண்ணீர் பிசான நெல் பருவத்துக்கு மட்டும்தான் காணும், அதற்கு முந்திய கார் சாகுபடியை இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று அது கணக்காகச் சொல்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடையில் நாற்றுப் பாவியவர் என்ன செய்வார்? முப்பது வருஷமாகத் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே மதகு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று சொல்லும் லஸ்கருக்கு (மதகுக் காவல் ஊழியர்) ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். கதை அந்த லஸ்கருடையது, கணினியுடையது இல்லை. பொய்யால் அதிகம் நஷ்டப்படுகிறவரும், அதே சமயம் ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருப்பவரும் யாரோ, கதையை அவர் கண்வழியாகச் சொல்லுங்கள்.

மெய்களைச் சேகரிக்கும் முறை

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பேனா இரண்டு. போன் இருந்தாலும் நோட்டு வேண்டும். போனில் எடுத்த படம் கண்ணுக்கு மட்டும் உதவும். ஒரு இடத்துக்குப் போனால் ஐந்து குறிப்பு: என்ன சத்தம், என்ன வாடை, காலடியில் என்ன, அங்கே வேலை செய்பவர் கையில் என்ன இருக்கிறது, அவர் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஐந்தாவது பொன். அகராதி அதைத் தராது.

சில இடங்களில் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது எங்கே என்று பார்க்கலாம்.

குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல் இங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுக்கான தளம். சுமார் 500 கிலோ எடையை 500 கி.மீ. உயரத்துக்கு ஏற்றும். “பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால் பூமியின் சுழற்சி தள்ளிவிடும், அதற்குத்தான் இந்த இடம்” என்று கதையில் ஒரு விஞ்ஞானி பேசுவார். தப்பு. அந்தச் சுழற்சி கிழக்கே ஏவினால் உதவும். துருவங்களின் மேலாகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கே ஏவும்போது அதில் ஆதாயம் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை கிடக்கிறது. சுற்றி வளைத்துப் போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வீண்செலவு தாங்காது. குலசையில் தெற்கே பார்த்தால் வெறும் கடல். காரணம் அதுதான்.

இன்னொன்று சத்தம். ஏவுதளத்திலிருந்து 12 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு நெருப்புதான் முதலில் தெரியும். சத்தம் வந்து சேர ஏறக்குறைய 35 விநாடி ஆகும். அந்த 35 விநாடி மௌனத்தில் உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று எழுதினால் ஒரு பக்கம் தானாக வந்துவிடும். தசராவுக்குக் காளி வேடம் கட்டிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்கு வந்தவர் ஒருவரை அந்தக் கடற்கரையில் நிறுத்திப் பாருங்கள். மேற்கொண்டு கற்பனை உங்களுடையது.

மகேந்திரகிரி. இங்கே விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் சோதிக்கப்படுகின்றன. விகாஸுக்குப் பற்றவைப்பான் கிடையாது. அதன் எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் தொட்ட மாத்திரத்தில் தானே பற்றிக்கொள்ளும், இரண்டும் நச்சு. ஆகவே “பட்டனை அழுத்தியதும் தீப்பொறி பறந்தது” என்ற வரியை அடித்துவிடுங்கள். கிரையோஜெனிக் எஞ்சினில் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் இருக்கும். எரிந்து வெளிவருவது பெரும்பாலும் நீராவி. கரும்புகை வராது. வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம். காவல்கிணற்றிலும் பணகுடியிலும் டீக்கடையில் உட்கார்ந்து சோதனை நாளில் வீட்டில் என்ன தெரியும் என்று கேட்டால் போதும்.

கூடங்குளம். கரையிலிருந்து தெரிவது குவிமாடங்கள்தான். படங்களில் பார்த்த இடுப்பு சிறுத்த பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் இங்கே இல்லை, கடல்நீரே குளிர்விக்கிறது. உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காது. குண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டிச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும், இங்கே இருப்பது 5 சதவீதத்துக்கும் கீழே. உலைக்கு அடியில் உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் பாத்திரம் ஒன்று வைத்தே கட்டியிருக்கிறார்கள். கதிரியக்கம் பச்சையாக ஒளிராது. தண்ணீருக்குள் நீலம் தெரியும். விபத்துக் கதை எழுதுகிறவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதினால் பயம் கூடுமே தவிரக் குறையாது. காமிராவோடு மதில் ஓரம் சுற்றாதீர்கள், அது வேறு வகை விபத்து.

தேரிக்காடு. செவ்வாய்க் கிரகத்துக்கு ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. தேரி மணலின் சிவப்பும் செவ்வாய்ப் புழுதியின் சிவப்பும் இரும்புத் துருவின் வேலை. வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து, கால் எவ்வளவு புதைகிறது, எத்தனை அடிக்கு ஒருமுறை நிற்கத் தோன்றுகிறது என்று எழுதுங்கள். பிறகு திருத்தம் போட வேண்டும்: செவ்வாயில் உங்கள் எடை இங்கிருப்பதில் 38 சதவீதம். காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆடி மாதம் தேரியையே நகர்த்துகிற காற்று அங்கே அதே வேகத்தில் அடித்தாலும் கன்னத்தில் பூனைவால் பட்ட மாதிரிதான் இருக்கும். புயல் விண்கலத்தைப் புரட்டிப் போடுவதாக எழுதாதீர்கள்.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றும் பழங்காலத்தை மாற்றி எழுத நினைப்பவர்களுக்கு. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்குப் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 1155 என்று காலம் கணித்து 2021-ல் அறிவித்தார்கள். அதே ஊரில் இரும்போடு கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பாண்டியர் துறைமுகமான கொற்கைக்கு இப்போது கடல் இல்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கடலைத் தொலைத்த துறைமுகம்! மிகுபுனைவு எழுதுபவர் இதைக் கற்பனை செய்திருந்தால் கெட்டிக்காரர் என்று சொல்லியிருப்போம்.

வெயிலில் அலைய முடியாத நாளுக்குக் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம், மாவட்ட மைய நூலகம். விவரம் தெரிந்தவரிடம் கேட்கும்போது “என் நாவலைப் படித்துப் பார்க்கிறீர்களா சார்” என்று ஆரம்பித்தால் அவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். கல்லூரி இயற்பியல் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி, பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது: “எடையில்லாத இடத்தில் தோசை மாவு புளித்தால் பாத்திரத்தை விட்டு மேலே வருமா?” இந்த மாதிரிக் கேள்வி அவருக்கும் பிடிக்கும்.

சாமிகளை எடுத்து எழுதும்போது

மிகுபுனைவு என்றதும் நம் ஆட்கள் சுடலைமாடனையோ இசக்கியையோ எடுத்து, கையில் மின்னல் கொடுத்துச் சண்டைக்கு அனுப்புகிறார்கள். இது இரண்டு வகையில் தப்பு. இன்றும் கொடை (கோயில் திருவிழா) வாங்கிக்கொண்டிருக்கும் சாமிகள் அவை. அந்தக் குடும்பங்கள் உங்கள் வாசகர்கள். அதைவிட முக்கியம், அந்த வழிபாட்டுக்குள் இருக்கும் ஒழுங்கைக் கவனிக்காமல் மின்னலை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை மெலிந்துபோகும்.

ஒரு கொடையைக் கால்நாட்டு முதல் கடைசிவரை இருந்து பாருங்கள். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என்று நேரம் பிரித்திருக்கும். வில்லுப்பாட்டில் வரத்து (சாமியை அழைக்கும் பாட்டு) பாடினால்தான் சாமி வரும். யார்மேல் வரும், எப்போது மயானத்துக்குப் போகும், யார் கூடப் போகலாம், யார் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. மந்திர உலகம் படைப்பவர் தன் உலகத்துக்குக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அத்தனையும் இங்கே பதிலோடு கிடக்கின்றன: சக்தியை யார் கூப்பிடலாம், கூப்பிட்டால் என்ன கேட்கும், அதன் எல்லை எதுவரை, கடன் நின்றுபோனால் யார் வீட்டில் போய் நிற்கும். விலை இல்லாத மந்திரம் கதையைக் கொன்றுவிடும். நாயகன் எப்போது வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்றால் வாசகர் எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டு சாமியை நீங்களே உண்டாக்குங்கள், பெயரும் புதிதாக இருக்கட்டும். கொடையில் போய் அருள் வந்தவர் முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம். பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால் வில்லுப்பாட்டுப் புலவரிடமும் வரி கொடுத்துக் கோயிலை நடத்தும் வரிதாரரிடமும் முன்பே கேளுங்கள்.

இரண்டு வகையும் சேரும் இடமும் இங்கே உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் பீடம் போடுவது வழக்கம். செவ்வாயில் குடியேறப் போகும் குடும்பம் பிடிமண் கொண்டுபோகுமா? கொண்டுபோனால் சிக்கல் தொடங்குகிறது. பூமியின் கிருமி வேற்றுக் கோளுக்குப் போய்விடக் கூடாது என்று விண்வெளி நாடுகளுக்குள் விதிமுறை இருக்கிறது. 1975-ல் கிளம்பிய வைக்கிங் இறங்குகலங்களை 110 டிகிரிக்கு மேலே ஏறக்குறைய 30 மணி நேரம் சூடாக்கி வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அப்படிச் சுட்ட மண்ணில் சாமி இருக்குமா? பாதுகாப்பு அதிகாரியும் சாமியாடும் கோமரத்தாடியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். நல்ல அறிபுனைக்கு அடையாளம் அந்த இழுபறிதான்.

பேச்சும் பெயரும்

புதியவர் கையெழுத்துப்படியில் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம் என்கிற பகுதி ஒன்று உண்டு. இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது.

“அண்ணாச்சி, உங்களுக்கே தெரியும், 2061 நீர்ப்பகிர்வுச் சட்டத்துக்குப் பிறகு எட்டு அணைக்கட்டுகளும் மையக் கணினியின் கட்டுப்பாட்டில் உள்ளன.”

தெரியுமென்றால் எதற்குச் சொல்கிறான்? இதே செய்தியை இப்படியும் தரலாம்:

“அண்ணாச்சி, மதகு தானாத் திறக்கு.”
“திறக்கட்டும்லே.”
“சாவி உங்ககிட்டதான இருக்கு?”
“சாவி இருக்கு. பூட்டத்தான் போன வருசமே கழத்திட்டுப் போயிட்டாவளே.”

சட்டமும் வருஷமும் போய்விட்டன. நிலைமை புரிகிறது, லஸ்கரின் மனசும் தெரிகிறது.

வட்டார வழக்கை எல்லாச் சொல்லிலும் ஏற்றினால் மதுரைக்கு வடக்கே உள்ளவர் படிக்கத் திணறுவார். வினைமுடிவையும் விளியையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வந்தாவ, சொன்னாவ, வே, லே, ட்டி. பெயர்ச்சொற்களைப் பொதுவாக விடலாம். இந்த விளிகளே பெரிய ஆயுதம். வீட்டுக்கு வந்த எந்திரப் பையனை ஆச்சி முதல்நாள் “ஏலே” என்று கூப்பிடுகிறாள். ஆறாவது பக்கத்தில் ஒரு நாள் காலையில் “வாங்க, உக்காருங்க” என்கிறாள். நீங்கள் வேறு எதுவும் எழுத வேண்டாம், வாசகருக்கு முதுகு சில்லிட்டுவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வசதி கிடையாது.

கலைச்சொல்லுக்கு ஒரே விதி: பாத்திரம் என்ன சொல்லும்? மகேந்திரகிரி ஃபிட்டர் ‘பிரஷர்’, ‘வால்வு’ என்பார். தமிழாசிரியர் ‘அழுத்தம்’ என்பார். கதைசொல்லியின் குரலுக்கு ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொல் பேரேடு ஒன்று வையுங்கள்: எந்திரமா இயந்திரமா, ரோபோவா ரோபாட்டா, எந்தப் பெயருக்கு என்ன எழுத்து. இருநூறு பக்க நாவலில் ஒரே கருவி மூன்று பெயரில் வருவதைப் படித்திருப்பீர்கள்.

புதிய ஊர்ப்பெயருக்கும் நம் பக்கத்து ஊர்களே இலக்கணம். குளம், நேரி, சமுத்திரம் என்று முடிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. விளை என்றால் தேரிப்பக்கம், தோட்டமும் பனையும். தண்ணீரே இல்லாத கோளில் ‘-குளம்’ வந்தால் அதற்கொரு காரணம் வேண்டும். ஆசையில் வைத்த பெயர் என்பதும் காரணம்தான். பெயரை வாயால் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் கூவ முடியாத பெயர் ஊருக்கு நிற்காது.

நாள் கணக்கு

வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுபவருக்கு நாளுக்கு 300 சொல் போதும். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட அதிகம் சுமக்கும். ஒரே சொல்லில் வேற்றுமையும் இடமும் காலமும் ஒட்டிக்கொள்வதால் ஆங்கில நூல்கள் சொல்லும் ஆயிரம் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 1,500. ஒரு சிறுகதை இரண்டு வாரம். 60,000 சொல் நாவல் 40 வாரம், டெம்மி அளவில் சுமார் 270 பக்கம், அச்சகம் எண்ணும் 16 பக்க ஃபாரமாகப் பார்த்தால் 17 ஃபாரம். முதலில் நாவல் தொடங்க வேண்டாம். பத்துச் சிறுகதையை முடித்தவருக்குத்தான் முடிப்பது என்றால் என்னவென்று தெரியும். தொடங்குவது எல்லாருக்கும் தெரியும்.

நேரம் விடியற்காலை என்று எல்லாரும் சொல்வார்கள். வேனிலில் மாடியறையில் எழுதுபவருக்கு வேறு நேரமே கிடையாது என்பதால் நாமும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதி நிறுத்தும்போது அடுத்த வரி என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் ஈடுகட்ட ஒரே நாளில் 2,000 எழுத முயலாதீர்கள்; அது வெள்ளம், வயலுக்கு ஆகாது.

வில்லுப்பாட்டில் காப்பு, அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் பாடி முடித்துத்தான் கதைக்குள் போவார்கள். விடிய விடிய உட்காரும் கூட்டத்துக்கு அது சரி. சிறுகதைக்கு நாட்டு வளம் 200 சொல்லுக்குள், அதுவும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்போது. “கி.பி. 2150” என்று தலைப்பில் போட்டுத் தொடங்குவதும், நாயகன் தூங்கி விழிப்பதும் கையெழுத்துப்படிகளில் அளவுக்கு மீறி வந்துவிட்டன.

தட்டச்சு யூனிகோடில் மட்டும். தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் ஆகும், பழகிவிட்டால் விரல் வலி குறையும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டுப் பிறகு மாற்றினால் ‘ஸ்ரீ’, மேற்கோள் குறி எல்லாம் சிதைவது வழக்கம். ‘கௌ’ என்ற எழுத்தைக் ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது.

திருத்தம்

முடித்ததும் இரண்டு வாரம் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு மூன்று தடவை, தனித்தனியாக. முதல் தடவை விதிகள் மட்டும்: மூன்றாம் பக்கத்தில் முடியாது என்று சொன்னது பத்தாம் பக்கத்தில் நடக்கிறதா, பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே உடனுக்குடன் போனில் பேசுகிறார்களா (செய்தி ஒரு வழி போகவே குறைந்தது 3 நிமிடம், தூரமாக இருக்கும் காலத்தில் 20 நிமிடத்துக்கும் மேலே). இரண்டாம் தடவை ஆட்கள்: யார் எதை விரும்பி எதைச் செய்கிறார்கள். மூன்றாவது சொல்லும் ஒற்றும். மூன்றையும் ஒரே தடவையில் செய்தால் ஒற்றுப்பிழை மட்டும்தான் கண்ணில் படும், ஓட்டை அப்படியே இருக்கும். கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியம் நீளம்.

முன்வாசகர் மூன்று பேர் போதும். ஒருவர் அறிவியல் தெரிந்தவர், ஒருவர் கதை மட்டும் படிப்பவர், ஒருவர் அறிபுனையே பிடிக்காதவர். எப்படி இருக்கு என்று கேட்டால் “நல்லாருக்கு மக்கா” என்பார்கள், அதை வைத்து என்ன செய்வது. எங்கே போரடித்தது, எங்கே புரியவில்லை, எங்கே நம்பவில்லை என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறி போடச் சொல்லுங்கள். மூவரும் ஒரே இடத்தில் குறித்திருந்தால் வாதாட வேண்டாம். எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனையை மட்டும் பெரும்பாலும் தள்ளிவிடலாம். வலிக்கிற இடம் அவர்களுக்குத் தெரியும், மருந்து உங்களுக்குத்தான் தெரியும்.

அனுப்புதல், பணம், ஒப்பந்தம்

பத்திரிகைக்கு அனுப்பும் முன் அதன் கடைசி மூன்று இதழை வாங்கிக் கதைகளின் சொல்லை எண்ணுங்கள். 1,200 சொல்லுக்கு இடம் வைத்திருப்பவரிடம் 4,000 சொல்லைக் கொடுத்தால் படிக்காமலே திரும்பும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. ஃபேஸ்புக்கில் முழுக்கதையையும் போட்டுவிட்டால் பல ஆசிரியர்கள் அதை வெளியான கதையாகவே கருதுவார்கள். ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: கதை, அனுப்பிய இடம், தேதி, பதில். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் கதையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு அடுத்த இடம். திரும்பி வந்த கதையை அன்றைக்கே மாற்றி எழுத உட்காராதீர்கள்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளிநாட்டு அறிபுனை இதழ்களுக்கும் அனுப்பலாம். அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் தொழில்முறை விகிதமாக 2019-ல் வைத்தது சொல்லுக்கு 8 சென்ட். 4,000 சொல் கதைக்கு 320 டாலர். 7,500 சொல்லுக்குக் கீழே இருந்தால் அவர்கள் கணக்கில் சிறுகதை. தமிழில் முன்பே வெளியானதென்றால் கடிதத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு எந்திரத்தை எழுத வைத்து அனுப்பாதீர்கள்: 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் அப்படிப்பட்ட கதைகள் வந்து குவிந்ததால் வாசலையே கொஞ்ச காலம் மூடியது. பணம் வரும்போது வங்கியில் ‘பர்ப்பஸ் கோட்’ கேட்பார்கள், என்ன பணம் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

தமிழில் புத்தகத்துக்கு ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். ஆகவே வேலையை விட்டுவிடாதீர்கள். பதிப்பாளர் உங்களிடம் பணம் கேட்டால் அது அச்சுக்கூலி, பதிப்பு இல்லை. அப்படியே செய்வதென்றாலும் எத்தனை பிரதி, பைண்டிங் யார் பொறுப்பு, மிச்சப் பிரதி எங்கே இருக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், எந்த மொழி, எந்த வடிவம் என்று பாருங்கள். 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க. காப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு அது உண்டு. ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம். மின்னூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு நான்கையும் “மற்றும் அனைத்து உரிமைகளும்” என்ற ஒரே வரியில் கொடுத்துவிடாதீர்கள். அறிபுனையில் திரை உரிமைதான் சில சமயம் புத்தகத்தைவிடப் பெரிதாக இருக்கும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். அதற்குள் புத்தகம் வர வேண்டுமானால் கையெழுத்துப்படி ஆகஸ்ட்டுக்குள் பதிப்பாளர் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் கொடுத்தால் அச்சகத்தில் எல்லார் புத்தகமும் வரிசையில் நிற்கும், மெய்ப்பை (பிழை பார்க்கத் தரும் அச்சுப்படி) ஒரே இரவில் பார்க்கச் சொல்வார்கள். எப்போது கொடுத்தாலும் அட்டையின் இறுதி மெய்ப்பைக் கேட்டு வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், முதுகு மூன்றையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். உள்ளே 270 பக்கத்தையும் திருத்தியவர்கள் முதுகில் தலைப்பிலேயே ஒற்று விட்டுப்போனதைப் புத்தகம் பைண்டிங் ஆகி வந்த பிறகுதான் பார்ப்பார்கள்.